6 மாதம் ஆகாத நாய்க்குட்டிக்கு நோ என்ட்ரி: குட்டிக் கடத்தலை பிரிட்டனின் புதிய சட்டம் தடுக்குமா?

ஆன்லைனில் ஒரு விளம்பரம். புசுபுசுவென்று ஒரு ஃப்ரெஞ்ச் புல்டாக் குட்டியின் போட்டோ. 'வீட்டில் பிறந்தது, தடுப்பூசி போட்டாச்சு, பாஸ்போர்ட் ரெடி, பணம் கட்டினால் நாளைக்கே டெலிவரி' என்று நாலு வரி. பார்த்ததும் மனசு இளகிவிடும். ஆனால் அந்தக் குட்டி பிறந்தது வேறு நாட்டில், வேன் ஒன்றின் பின்பக்கத்தில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்தது, அதன் பாஸ்போர்ட்டில் இருக்கும் பிறந்த தேதியே பொய் என்பதெல்லாம் வாங்குபவருக்குத் தெரியாது.

இந்த வியாபாரத்துக்குக் கடிவாளம் போட பிரிட்டன் பல ஆண்டுகளாகத் திணறி வந்தது. இரண்டு முயற்சிகள் பாதியிலேயே நின்றுபோன பிறகு, நாய், பூனை, ஃபெரட் இறக்குமதிக்கான விலங்கு நலச் சட்டம் 2025-ம் ஆண்டின் இறுதியில் நிறைவேறியது. லிபரல் டெமாக்ரட் எம்.பி.யும் கால்நடை மருத்துவருமான டேனி சேம்பர்ஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதா இது. பிரபுக்கள் அவையில் இதை முன்னெடுத்த லார்ட் ட்ரீஸும் கால்நடை மருத்துவரே.

சட்டம் என்ன சொல்கிறது? அதற்கு முன் ஓட்டை எங்கே இருந்தது? சட்டம் வந்ததால் மட்டும் பிரச்னை தீர்ந்துவிடுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'செல்லப்பிராணி' என்ற பெயரில் சரக்கு

வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்குள் நாயைக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வியாபார வழி. விற்பதற்காகவோ, இன்னொருவரிடம் ஒப்படைப்பதற்காகவோ கொண்டுவந்தால் கால்நடை மருத்துவரின் சான்றிதழ், முன்கூட்டியே பதிவு, அனுமதி பெற்ற வாகனம் என்று ஏகப்பட்ட நிபந்தனைகள். செலவும் அதிகம், சோதனையும் அதிகம்.

இன்னொன்று, செல்லப்பிராணி வழி. குடும்பத்தோடு சுற்றுலா போய்விட்டு நாயோடு திரும்புபவர்களுக்கானது. மைக்ரோசிப், ரேபிஸ் தடுப்பூசி, பாஸ்போர்ட் அல்லது சான்றிதழ், நாடாப்புழு மருந்து ஆகியவை இருந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறிய பிறகும், 2013-ம் ஆண்டின் ஒன்றிய விதிகளே பெரும்பாலும் தொடர்ந்தன. அந்த விதிப்படி ஒரு நபர் 5 விலங்குகள் வரை கொண்டுவரலாம்.

கடத்தல்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த 'ஒரு நபருக்கு 5' என்ற வரியைத்தான். ஒரு வேனில் நாலு பேர் உட்கார்ந்து வந்தால் 20 குட்டிகள். 'எல்லாம் எங்க வீட்டு நாய்ங்க சார்' என்று சொன்னால் பேப்பர் அளவில் அது சட்டப்படி சரி. குட்டிகள் விற்பனைக்குத்தான் வருகின்றன என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அதிகாரிகள் தலையில் விழுந்தது.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. 2000-ம் ஆண்டு வரை வெளிநாட்டு நாய் எதுவாக இருந்தாலும் 6 மாதம் தனிமைப்படுத்தல் கட்டாயம். அந்த ஆண்டு செல்லப்பிராணிப் பயணத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில், ஐரோப்பிய நாடுகளிலிருந்து வரும் விலங்குகளுக்கு இருந்த ரத்தப் பரிசோதனையும் நீண்ட காத்திருப்பும் நீக்கப்பட்டன. சுற்றுலாப் பயணிகளுக்கு வசதிதான். ஆனால் அதே கதவு வியாபாரிகளுக்கும் திறந்தது. 'டாக்ஸ் டிரஸ்ட்' என்ற தொண்டு நிறுவனம் 2014-ல் தன் முதல் புலனாய்வு அறிக்கையை வெளியிட்ட பிறகுதான் இந்த விவகாரம் பெரிதாகப் பேசப்பட்டது.

15 வாரம் என்ற கணக்கு எப்படி வந்தது?

பழைய விதிப்படியே 15 வாரத்துக்குக் குறைவான குட்டியைக் கொண்டுவர முடியாது. கணக்கு எளிது. ரேபிஸ் தடுப்பூசியை 12 வாரத்துக்கு முன் போடக் கூடாது. தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புப் பொருள்கள் அதுவரை குட்டியின் உடலில் இருக்கலாம் என்பதால் ஊசி சரியாக வேலை செய்யாமல் போக வாய்ப்புண்டு. ஊசி போட்ட பிறகு எதிர்ப்பாற்றல் உருவாக 21 நாள் காத்திருக்க வேண்டும். 12 வாரமும் 3 வாரமும் சேர்ந்து 15 வாரம்.

ஆனால் சந்தை கேட்பது 15 வாரக் குட்டியை அல்ல, 8 வாரக் குட்டியை. உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்த வயதுக்குத்தான் விலை. அதனால் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியை முன்னால் தள்ளிப் போடுவது வழக்கமானது. தடுப்பூசி போட்டதாக முத்திரை இருக்கும், ஊசி போட்டிருக்கவே மாட்டார்கள். துறைமுகத்தில் சோதிப்பவர் காகிதத்தைப் பார்க்கிறார், சிப் எண்ணை ஸ்கேன் செய்கிறார், இரண்டும் பொருந்துகின்றன. குட்டிக்கு 10 வாரமா, 15 வாரமா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கால்நடை மருத்துவருக்கே சவால். காவலருக்கோ, கப்பல் நிறுவன ஊழியருக்கோ அது எப்படி முடியும்?

புதிய சட்டம் '6 மாதம்' என்ற வரம்பைத் தேர்ந்தெடுத்ததன் சூட்சுமம் இங்கேதான். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைப்பது ஏறக்குறைய 3 மாதத்தில் தொடங்கி 6, 7 மாதத்துக்குள் முடிந்துவிடும். வாயைத் திறந்து பார்த்தாலே 6 மாதம் ஆனதா இல்லையா என்று ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடலாம். காகிதம் பொய் சொன்னாலும் பல் பொய் சொல்லாது.

புதிய சட்டத்தில் என்னென்ன இருக்கு?

முக்கியமான மாற்றங்கள் இவை:

• ஒரு நபருக்கு 5 என்பது போய், ஒரு வாகனத்துக்கு 5 செல்லப்பிராணிகள் என்ற வரம்பு. வாகனம் இல்லாமல் கப்பலிலோ விமானத்திலோ வருபவருக்கு 3.

• செல்லப்பிராணியும் உரிமையாளரும் 5 நாள் இடைவெளிக்குள் பயணம் செய்ய வேண்டும். 'ஓனர் பின்னாடி வருவார்' என்று குட்டிகளை மட்டும் அனுப்பும் வேலை செல்லாது.

• 6 மாதம் நிறையாத நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளைக் கொண்டுவரத் தடை.

• சினையாகி 42 நாள் தாண்டிய நாய், பூனைகளைக் கொண்டுவரத் தடை.

• காது வெட்டப்பட்ட, வால் நறுக்கப்பட்ட நாய்களுக்கும், நகம் அகற்றப்பட்ட பூனைகளுக்கும் தடை.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சட்டம் நிறைவேறிய மறுநாளே இத்தனையும் அமலுக்கு வந்துவிடவில்லை. வயது, சினை, உறுப்பு வெட்டு தொடர்பான தடைகளை விதிமுறைகள் வழியாகக் கொண்டுவரும் அதிகாரத்தையே சட்டம் அரசுக்குத் தருகிறது. விலக்குகள் யாருக்கு, நடைமுறை என்ன என்பதெல்லாம் அந்த விதிமுறைகளில்தான் தெளிவாகும்.

சினை நாய்க்கு ஏன் தனி விதி?

இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் 'லூசி சட்டம்' அமலில் இருக்கிறது. வேல்ஸில் உள்ள ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து 2013-ல் மீட்கப்பட்ட கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் இன நாயின் பெயர்தான் லூசி. ஓயாமல் குட்டி போட வைக்கப்பட்டு உடல் நலிந்த அந்த நாய் 2016-ல் இறந்தது. கால்நடை மருத்துவர் மார்க் ஆப்ரகாம் முன்னெடுத்த பிரசாரத்தின் விளைவாக வந்த இந்தச் சட்டப்படி, 6 மாதத்துக்குக் குறைவான குட்டிகளை இடைத்தரகர்கள் விற்க முடியாது. வளர்ப்பவரிடமே நேரடியாக, தாய் நாயுடன் சேர்த்துப் பார்த்துதான் வாங்க வேண்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இதே போன்ற விதிகள் 2021-ல் வந்தன.

நல்ல சட்டம்தான். ஆனால் அதைச் சுற்றிப் போகவும் வழி கண்டுபிடித்தார்கள். குட்டிக்குப் பதில் நிறைசினையில் இருக்கும் தாயையே எல்லை தாண்டி ஓட்டி வந்தால்? பிரிட்டன் மண்ணில் குட்டி போடும். 'இங்கேதான் பிறந்தது, இதோ அம்மா' என்று காட்டி விற்கலாம். நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். பழைய விதி கடைசி 10 சதவிகித நாள்களில் மட்டுமே பயணத்தைத் தடுத்தது. அதாவது, பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பு வரைகூட அந்த நாயை வேனில் ஏற்றலாம். 42 நாள் வரம்பு என்றால், சினைக்காலத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கு முழுவதும் பயணம் கூடாது. வயிறு வெளியே தெரிகிற கட்டம் என்பதால் அதிகாரிகள் கண்டுபிடிப்பதும் சுலபம்.

காது வெட்டும் விவகாரத்திலும் இதே கதை. முரட்டுத் தோற்றத்துக்காக நாயின் காதை நறுக்குவது இங்கிலாந்து, வேல்ஸில் 2006-ம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி குற்றம். ஆனால் காது வெட்டிய நாயை வைத்திருப்பதோ, வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதோ குற்றமாக இல்லை. அதனால் உள்ளூரிலேயே ரகசியமாகக் காதை வெட்டிவிட்டு 'இறக்குமதி செய்தது' என்று சொல்லித் தப்பிக்க முடிந்தது. இறக்குமதிக்கே தடை வந்தால் அந்தச் சாக்கு எடுபடாது.

குட்டிக்கு என்ன ஆகிறது?

ருமேனியா, ஹங்கேரி, போலந்து, லிதுவேனியா, செர்பியா போன்ற நாடுகளிலிருந்து சாலை வழியாக பிரான்ஸின் கலே வரை வந்து, அங்கிருந்து கப்பலிலோ சுரங்க ரயிலிலோ இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துக்குள் நுழைவதுதான் வழக்கமான பாதை. ஒரு நாளுக்கும் மேல் ஆகும் பயணம். சோதனையில் சிக்காமல் இருக்க சிறிய கூண்டுகளில் நெருக்கி அடைத்திருப்பார்கள். வழியில் அசுத்தம் ஆகக் கூடாது என்று தண்ணீரும் உணவும் குறைவாகவே கிடைக்கும்.

இந்த வயதில் குட்டிகளின் எதிர்ப்பாற்றல் மிகக் குறைவு. பார்வோ வைரஸ், டிஸ்டெம்பர் இரண்டும் தடுப்பூசி போடாத குட்டிகளை வேகமாகத் தாக்கும். ஒரு குட்டிக்குப் பார்வோ இருந்தால் அதே வேனில் வரும் மற்றவற்றுக்கும் பரவுவது நிச்சயம். வாங்கி வந்த சில நாள்களிலேயே வாந்தி, ரத்த வயிற்றுப்போக்கு என்று குட்டி சுருண்டு விழுவது இப்படித்தான்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பாதிப்பும் இருக்கிறது. குட்டி மனிதர்களுடனும் சத்தங்களுடனும் பழகக் கற்றுக்கொள்வது பிறந்து 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 12, 14 வாரம் வரை. அந்தக் காலத்தைப் பண்ணைக் கொட்டகையிலும் இருட்டு வேனிலும் கழித்த நாய், வளர்ந்த பிறகும் பயந்தாங்கொள்ளியாகவோ கடிக்கிற நாயாகவோ மாற வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட நாய் கடைசியில் போய்ச் சேருவது பெரும்பாலும் காப்பகத்துக்குத்தான்.

மனிதர்களுக்கு என்ன ஆபத்து?

பிரிட்டனில் உள்ளூர் விலங்குகளிடையே ரேபிஸ் ஒழிந்து நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனால் அங்கே வெறிநாய்க்கடி பயம் இல்லாமலேயே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. ரேபிஸ் கிருமி உடலில் புகுந்து அறிகுறி காட்ட வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட ஆகும். போலி முத்திரையுடன் வரும் ஒரே ஒரு குட்டி போதும், அந்த நிலையைக் குலைக்க. உக்ரைன் போரை ஒட்டி விலங்குகளின் நகர்வு அதிகரித்தபோது, 2022 மே மாதம் உக்ரைன், பெலாரஸ், போலந்து, ருமேனியா நாடுகளிலிருந்து வணிக ரீதியாக நாய், பூனை, ஃபெரட் கொண்டுவருவதை பிரிட்டன் தற்காலிகமாக நிறுத்தியதற்குக் காரணமும் இந்தக் கவலைதான்.

இன்னொன்று, ப்ரூசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியா. நாய்களுக்குக் கருச்சிதைவும் மலட்டுத்தன்மையும் உண்டாக்கும். மருந்து கொடுத்தாலும் முழுமையாகப் போகும் என்ற உத்தரவாதம் கிடையாது. 2020-க்குப் பிறகு பிரிட்டனில் இந்தத் தொற்று அதிகமாகப் பதிவாகத் தொடங்கியது. பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து, குறிப்பாக ருமேனியாவிலிருந்து வந்த நாய்களோடு தொடர்புடையது. மனிதர்களுக்கும் தொற்றக்கூடியது. பொதுமக்களுக்கான ஆபத்து மிகக் குறைவு என்பதே சுகாதார அமைப்புகளின் மதிப்பீடு. ஆனால் நாய்க்குப் பிரசவம் பார்ப்பவர்கள், கால்நடை மருத்துவர்கள், ஆய்வக ஊழியர்களுக்கு அந்த நிம்மதி இல்லை.

இத்தனை நாள் ஏன் இழுத்தது?

அக்கறை இல்லாததால் அல்ல, அரசியல் நேரம் கூடிவராததால். 2021 ஜூனில் அன்றைய கன்சர்வேட்டிவ் அரசு கொண்டுவந்த வளர்ப்பு விலங்குகள் நல மசோதாவில் இந்த விதிகள் இருந்தன. 2023 மே மாதம் அந்த மசோதாவையே அரசு கைவிட்டது. பிறகு செலைன் சாக்ஸ்பி என்ற எம்.பி. தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். 2024-ல் பொதுத்தேர்தல் அறிவிக்கப்பட்டு நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதும் அதுவும் காலாவதியானது. மூன்றாவது முயற்சிதான் கரை சேர்ந்தது.

இடையில் கொரோனா ஊரடங்கு வந்தது. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் நாய் வளர்க்க ஆசைப்பட்டார்கள். குட்டிகளின் விலை தாறுமாறாக ஏறியது. நேரில் போய்ப் பார்க்க முடியாது என்பதால் போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்புவது சகஜமானது. கடத்தல்காரர்களுக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்குமா?

சட்டம் மட்டும் போதுமா?

இங்கேதான் கேள்விகள் தொடங்குகின்றன.

முதலாவது, சோதனை. செல்லப்பிராணி இருக்கிறது என்று பயணி தானாக அறிவித்தால்தான் இப்போது சோதனை நடக்கிறது. அதையும் பெரும்பாலும் செய்வது கப்பல், ரயில் நிறுவனங்களின் ஊழியர்கள். காரின் டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ மறைத்துக் கொண்டுவரும் குட்டியை எந்த வயது வரம்பும் தடுக்காது. இரவிலும் வார இறுதியிலும் கண்காணிப்பு பலமாக இருக்க வேண்டும் என்று விலங்கு நல அமைப்புகள் கேட்பது இதனால்தான்.

இரண்டாவது, பிடிபட்ட குட்டியை என்ன செய்வது? தனிமைப்படுத்தல் செலவைக் கொண்டுவந்தவர் கட்ட வேண்டும். பலர் குட்டியை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் குட்டிகளைப் பராமரித்துப் புதிய வீடு தேடித் தர 2015 இறுதியில் டாக்ஸ் டிரஸ்ட் தனித் திட்டமே தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிகள் அதன் வழியாகக் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. அரசு செய்ய வேண்டிய வேலையை நன்கொடைப் பணம் செய்துகொண்டிருக்கிறது என்பதே இதன் அர்த்தம்.

மூன்றாவது, தேவை. வெளிநாட்டுக் குட்டி வராவிட்டால், உள்ளூரில் உரிமம் இல்லாத பண்ணைகள் பெருகும் அபாயம் உண்டு. தாயை 'வாடகைக்கு' எடுத்து, வாடகை வீட்டின் ஹாலில் உட்கார வைத்து விற்பனை செய்யும் கும்பல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. வாங்குபவர் மாறாமல் விற்பவர் மாற மாட்டார்.

நான்காவது, நியாயமானவர்களின் சிரமம். வெளிநாட்டில் வேலை முடித்து 4 மாதக் குட்டியோடு ஊர் திரும்பும் குடும்பம் என்ன செய்யும்? மாற்றுத்திறனாளிக்கான துணைநாயை இளம் வயதிலேயே கொண்டுவர வேண்டியிருந்தால்? விதிமுறைகளில் விலக்கு தரலாம். ஆனால் விலக்கு அகலமானால் அதுவே அடுத்த ஓட்டையாகிவிடும்.

நம்ம ஊர்ல என்ன விதி?

சென்னையிலிருந்து லண்டனுக்கு நாயைக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு விதி இதைவிடக் கடுமை. ரேபிஸ் பட்டியலில் இந்தியா இருக்கும் இடம் காரணமாக, தடுப்பூசி போட்டு 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு 3 மாதம் காத்திருப்பு கட்டாயம். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 7 மாதம் ஆகாமல் எந்தக் குட்டியும் இங்கிருந்து அங்கே சட்டப்படி போக முடியாது.

இந்தியாவுக்குள் வணிக நோக்கில் நாய் கொண்டுவருவதற்கு மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் 2016-ல் கட்டுப்பாடு விதித்தது. உள்நாட்டு விற்பனைக்கு 2017-ம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் இருக்கின்றன. அதன்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கும் பழக்கம் மட்டும்தான் நம்மிடம் இன்னும் பரவலாகவில்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

லண்டனோ, சென்னையோ, அடிப்படை ஒன்றுதான்:

• குட்டியைத் தாயோடு, அது பிறந்த இடத்திலேயே பாருங்கள். தாய் குட்டியைக் கண்டுகொள்ளாமல் இருந்தாலோ, பால் கொடுக்கும் அடையாளம் இல்லாவிட்டாலோ சந்தேகப்படுங்கள்.

• பார்க்கிங், பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

• தடுப்பூசி அட்டையில் இருக்கும் கிளினிக்குக்கு ஒரு போன் செய்து விசாரியுங்கள்.

• 'இன்னொருத்தர் அட்வான்ஸ் கொடுக்க ரெடியா இருக்கார்' என்று அவசரப்படுத்தினால், அவரே வாங்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

• குட்டி சோர்ந்திருக்கிறதே, பாவம் என்று காசு கொடுத்து 'காப்பாற்ற' நினைக்காதீர்கள். அந்தக் காசுதான் அடுத்த வேனுக்கு டீசல். விவரத்தைக் குறித்துக்கொண்டு புகார் கொடுங்கள்.

கலே துறைமுகத்தில் எத்தனை பேர் காவலுக்கு நின்றாலும், குட்டியின் பயணம் தொடங்குவது அங்கே இல்லை. 8 வாரக் குட்டிதான் வேண்டும், அதுவும் இந்த வாரமே வேண்டும் என்று ஒருவர் போனில் தேடும் இடத்தில் தொடங்குகிறது. 6 மாத வரம்பு விற்பவரின் லாபக் கணக்கைக் குலைக்கும். ஆறு மாதம் வரை தீனி போட்டு, ஊசி போட்டு, வளர்த்த பிறகுதான் விற்க முடியும் என்றால் கடத்தலில் பாதி கவர்ச்சி போய்விடும். மீதிப் பாதி, கொஞ்சம் காத்திருந்து, வீடு தேடிப் போய், தாயைப் பார்த்து வாங்கத் தயாராக இருப்பவர்கள் கையில் இருக்கிறது.